மகனின் ஹொக்கி ஒப்பந்தப் பணத்தில் எங்கள் கடனை அடைக்கலாமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு 20 வயது. ஒன்ராறியோ ஹொக்கி லீக்கில் நான்கு பருவங்கள் ஆடிய பின், வட அமெரிக்காவின் முதன்மை ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.லில் ஆடும் அமெரிக்க அணி ஒன்றுடன் மூன்றாண்டுத் தொடக்கநிலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறான். என்.எச்.எல்.லில் ஆடினால் ஆண்டுச் சம்பளம் 850,000, அதற்கு அடுத்த நிலை லீக்கான ஏ.எச்.எல்.லில் ஆடினால் 80,000, இவற்றைத் தவிர ஆண்டுதோறும் கையெழுத்துப் போனஸ் 80,000. எல்லாம் அமெரிக்க டொலர். அவனுடைய விளையாட்டுக்காக வீட்டின் மேல் எடுத்த லைன் ஒஃப் கிரெடிட்டில் 68,000 கனேடிய டொலர் கடன் நிற்கிறது. முதல் போனஸில் அதை அடைக்கலாமா? குடும்ப நண்பர் ஒருவர், இனிமேல் கட்டப்படவுள்ள கொண்டோ (அடுக்குமாடி வீடு) ஒன்றுக்கு அவன் பெயரில் முற்பணம் கட்டச் சொல்கிறார். அவன் ஊரில் இருக்கமாட்டான் என்பதால், அவனுக்காகக் கையெழுத்திடும் அதிகாரமான அற்றோர்னித் தத்துவத்தை எங்கள் பெயரில் எழுதி வாங்கும்படியும் சொல்கிறார்.
— ஒரு தந்தை, மார்க்கம்

பதில்: உங்கள் மகனுக்கு வாழ்த்துகள். என்.எச்.எல்.லின் வருடாந்த இளம் வீரர் தெரிவில் 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் எடுப்பது 224 பேரை மட்டுமே. அவர்களிலும் பலருக்கு ஒப்பந்தம் கிடைப்பதில்லை.

ஆனால் ஒப்பந்தத்தின் மூன்றாண்டுத் தொகை என்று நண்பர்கள் பெருக்கிச் சொல்லும் 27 இலட்சத்து 90 ஆயிரம் டொலரை வீட்டுக் கணக்கில் எங்கும் எழுதாதீர்கள். ஓர் அணி 50 வீரர்கள் வரை ஒப்பந்தத்தில் வைத்திருக்கலாம்; என்.எச்.எல். பட்டியலில் இருக்கக்கூடியவர்கள் 23 பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் ஏ.எச்.எல்.லில் ஆடுவார்கள். தொடக்கநிலை ஒப்பந்தத்திலுள்ள இளைஞரைக் கீழே அனுப்பும்போது மற்ற அணிகள் அவரைக் கேட்டு எடுத்துக்கொள்ளப் பொதுவாக இடமில்லை என்பதால், அணி நிர்வாகம் தயங்காமல் அனுப்பும், தேவைப்பட்டால் மறுநாளே திரும்ப அழைக்கும். மூன்று ஆண்டும் அவர் கீழேயே ஆடினால் வரிக்கு முன் கையில் வருவது 480,000. இதை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

சம்பளம் நாள் கணக்கில் ஓடுகிறது. பருவத்துக்கு ஏறக்குறைய 190 நாள் என்று கொண்டால், மேலே இருக்கும் ஒரு நாளுக்குச் சுமார் 4,470 டொலர், கீழே இருக்கும் ஒரு நாளுக்குச் சுமார் 420. ஜனவரியில் யாருக்கோ தோளில் அடிபட்டு உங்கள் மகனைப் பத்து நாள் மேலே அழைத்தால், அந்தப் பத்து நாளில் ஏறத்தாழ 44,700 வரும். அந்தப் பணம் வந்த வாரத்தில்தான் குடும்பங்கள் கார் வாங்குகின்றன. அதிலிருந்து முகவரின் பங்கும் வரியும் கழியும். அதோடு, வீரர்களின் மொத்தச் சம்பளம் லீக் வருமானத்தில் பாதியைத் தாண்டாதிருக்கப் பிடித்துவைக்கும் எஸ்க்ரோவும் கழியலாம். கொரோனாவால் அரங்குகள் வெறிச்சோடிய 2020-21 பருவத்தில் அந்தப் பிடிப்பு 20 சதவீதம் வரை போனது. தவிர, சம்பளக் காசோலைகள் ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை மட்டுமே வரும். கோடைகாலப் பயிற்சி, உடற்பயிற்சியாளர், வாடகை எல்லாவற்றையும் சம்பளமில்லாத மாதங்களில் போனஸ்தான் தாங்க வேண்டும்.

கடன் விடயத்துக்கு வருகிறேன். வட்டிக் கணக்கை மட்டும் பார்த்தால் சேமிப்பில் பணத்தை வைத்துக்கொண்டு கடனுக்கு வட்டி கட்டுவது நட்டம்தான். ஆனால் கடன் உங்களுடையது, பணம் அவருடையது. முதல் போனஸ் வந்தவுடன் பாதியை வரிக்கென்று தனிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். கனடாவில் வசிப்பவர் ஒருவருக்கு அமெரிக்க அணி தரும் கையெழுத்துப் போனஸில், இரு நாட்டு வரி உடன்படிக்கையின்படி அமெரிக்கா 15 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. ஆனால் அவர் கனடாவின் வரி வதிவாளராகத் தொடர்ந்தால், அதற்கு மேலுள்ளதை ஏப்ரலில் ஒட்டாவா கேட்கும். மீதி 40,000 அவருடைய ஓராண்டுச் செலவுக்கான கையிருப்பாக நிற்கட்டும். இரண்டாம் ஆண்டு போனஸில் அவராக விரும்பித் தந்தால் வாங்கிக் கடனை அடையுங்கள். அது அன்பளிப்பா கடனா என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அதுவரை வட்டியை நீங்களே கட்டுங்கள். காலை ஐந்து மணிப் பயிற்சிக்கு உறைபனியில் கார் ஓட்டிப் போன பெற்றோருக்கு இது கடுமையாகப் படும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

அற்றோர்னித் தத்துவத்தை வாங்காதீர்கள். ஜாக் ஜோன்சன் என்ற பாதுகாப்பு ஆட்டக்காரர் 2011இல் ஏழு ஆண்டுகளுக்கு 30.5 மில்லியன் டொலர் ஒப்பந்தம் பெற்றவர். அவர் கொடுத்த அதிகாரத்தைக் கொண்டு, அவருடைய எதிர்காலச் சம்பளத்தை ஈடாகக் காட்டி, பெற்றோர் உயர்ந்த வட்டிக்குக் கடன் மேல் கடன் எடுத்தார்கள். 2014 ஒக்டோபரில் ஒகையோ மாநிலத்தில் அவர் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தார். 2022இல் கொலராடோ அணியுடன் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றவரும் அவரே என்பது ஓர் ஆறுதல். நீங்கள் அப்படிச் செய்வீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பத்திரம் இருந்தால் நண்பர் நாளைக்கு நீட்டும் தாள்களில் மகனுக்காக நீங்கள் கையெழுத்திட முடியும். முழுப் பொறுப்பையும் ஒருவரிடம் விடுவதும் அப்படித்தான். பொபி ஓர் என்ற புகழ்பெற்ற ஹொக்கி வீரர் தன் முகவர் அலன் ஈகிள்சனை அண்ணனைப் போல நம்பியிருந்தார். முழங்கால் ஒத்துழைக்காமல் 1978இல் ஓய்வுபெற்றபோது அவர் கையில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. வீரர் சங்கத்தின் தலைவராகவும் இருந்த ஈகிள்சன் 1998இல் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். ஆகவே முகவர், கணக்காளர், முதலீட்டு ஆலோசகர் மூவரும் ஒருவரை ஒருவர் சாராத மூன்று பேராக இருக்கட்டும். வங்கி அறிக்கைகள் நேராக உங்கள் மகனின் கைப்பேசிக்கே வரட்டும்.

கொண்டோ வேண்டாம். கட்டடம் முடிந்து சாவி வாங்கும் நாளில் வீட்டுக்கடன் தருபவர், அன்று உங்கள் மகனுக்கு ஒப்பந்தம் இருக்கிறதா என்றுதான் கேட்பார். மூன்றாண்டு முடிவில் அவரைத் தொடர்ந்து வைத்திருக்க விரும்பினால் அணி ஒரு குறைந்தபட்ச முன்மொழிவைத் தந்தாக வேண்டும். தராவிட்டால் அவர் அணியில்லாத வீரர். கட்டுமானம் நான்கைந்து ஆண்டு இழுப்பது சாதாரணம்.

சேமிப்புக் கணக்குகளிலும் ஒரு கண்ணி உண்டு. அமெரிக்காவில் வாழத் தொடங்கி அந்நாட்டின் வரி வதிவாளராகிவிட்டால், கனடாவின் வரியில்லாச் சேமிப்புக் கணக்கான டி.எஃப்.எஸ்.ஏ.யின் இலாபத்துக்கு அங்கே வரிவிலக்கு இல்லை, ஓய்வுகாலச் சேமிப்பான ஆர்.ஆர்.எஸ்.பி.யை உடன்படிக்கை காக்கிறது. எனவே அவருடைய வதிவிடம் எதுவாகப் போகிறது என்பதை இரு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளரிடம் செப்டெம்பர் பயிற்சி முகாமுக்கு முன்பே கேட்டுவிட்டு, பிறகு கணக்குத் திறக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று. ஒன்ராறியோ லீக்கில் ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஓராண்டுக் கல்விச் செலவைத் தரும் ஏற்பாடு உண்டு. உங்கள் மகனுக்கு நான்கு ஆண்டுகள் சேர்ந்திருக்க வேண்டும். என்.எச்.எல். ஒப்பந்தத்துக்குப் பிறகு அதில் எவ்வளவு நிற்கிறது, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் 16 வயதில் கையெழுத்திட்ட தாளில் இருக்கும். அதைத் தேடியெடுங்கள், கிடைக்காவிட்டால் பழைய அணியின் அலுவலகத்திடம் எழுத்தில் பதில் கேளுங்கள்.