யதார்த்தவாதமும் பல்லூடகக் குழுப்பணியும்: நான் மதிப்பெண்ணை மாற்றிப் போட்ட கதை

நீங்கள் கேட்டிருப்பது இது: “பத்தொன்பதாம் நூற்றாண்டு யதார்த்தவாத நாவல்களை, மாணவர் குழுக்களுக்குக் காணொளி, ஒலிப்பதிவு போன்ற பல்லூடகச் செயல்திட்டங்கள் கொடுத்துக் கற்பித்தால் பாடம் உண்மையிலேயே பதிகிறதா, அல்லது நாட்கள்தான் வீணாகின்றனவா?” கேள்வியின் தொனியைப் பார்த்தால், செயல்திட்டம் கட்டாயம் என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள், உங்களுக்கோ அதில் அரைமனதுதான் என்று ஊகிக்கிறேன். ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் நிலைமை அப்படித்தான் இருந்தது. அந்த ஆண்டு நான் செய்த தவறு இன்னும் உறுத்துவதால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

பாடம் பதியும். ஆனால் “இந்தக் காட்சியைப் படமாக்குங்கள்” என்று சொல்லிவிட்டு விலகி நின்றால் பதியாது.

நான் கொடுத்தது, யதார்த்தவாதத்தின் முன்னோடியாகச் சொல்லப்படும் பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரின் ‘மதாம் பொவாரி’ நாவலில் வரும் வேளாண் கண்காட்சிப் பகுதி. வாசித்திருப்பீர்கள், ஆனாலும் இனி சொல்லப்போவதெல்லாம் அதைச் சார்ந்தே இருப்பதால் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். நகர மன்றத்தின் மாடிச் சன்னலருகே அமர்ந்து ரொடோல்ஃப் என்பவன், மணமான நாயகி எம்மாவிடம் காதல் பேசுகிறான். கீழே மேடையில் பரிசுகளை அறிவிக்கிறார்கள். இரண்டு பேச்சுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டே போகின்றன. அவன் ‘எத்தனையோ முறை விலகிப் போக நினைத்தேன், முடியாமல் உங்கள் பின்னாலேயே வந்தேன்’ என்று உருகும்போது, கீழேயிருந்து வந்து விழும் சொல் ‘எரு’. சற்று நேரம் கழித்து கத்ரீன் லெரூ என்ற முதிய வேலைக்காரி மேடைக்கு அழைக்கப்படுகிறாள். ஒரே பண்ணையில் 54 ஆண்டுகள் உழைத்ததற்காக அவளுக்குக் கிடைப்பது 25 ஃபிராங்க் மதிப்புள்ள ஒரு வெள்ளிப் பதக்கம். களஞ்சியத் தூசியும் சலவைக் காரமும் கம்பளி எண்ணெயும் ஏறி ஏறி, நல்ல தண்ணீரில் கழுவிய பிறகும் அழுக்காகவே தெரியும் அவளுடைய கைகளை ஃப்ளோபேர் நிதானமாகக் காட்டுகிறார். அவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் சிந்துவதில்லை.

என் வகுப்பில் 6 குழுக்கள் இருந்தன. அவற்றில் ஒன்று அந்தக் கைகளைத் தேர்ந்தெடுத்து, 3 நிமிடக் காணொளி எடுத்துவந்தது. ஒரு மூதாட்டியின் கைகள் மிக அண்மையில், மெதுவாக அசைகின்றன. பின்னணியில் வயலின் அழுகிறது. முடிவில் திரை இருள, ‘உழைப்பின் விலை’ என்ற எழுத்துகள் தோன்றுகின்றன. வகுப்பு முழுவதும் கைதட்டியது, நானும் தட்டினேன். இன்னொரு குழு படமே எடுக்கவில்லை. காதல் பேச்சை ஒரு தடத்திலும் பரிசு அறிவிப்பை இன்னொரு தடத்திலுமாகக் கைபேசியிலேயே பதிவுசெய்து, இரண்டையும் பொருத்தி ஓர் ஒலிக்கோப்பாகக் கொடுத்தது. இரைச்சல் மிகுந்த பதிவு. சில இடங்களில் எந்தக் குரல் என்ன சொல்கிறது என்றே பிடிபடவில்லை. முதல் குழுவுக்கு 20-க்கு 18, இரண்டாவது குழுவுக்கு 11 போட்டேன்.

அப்படிப் போடவைத்தது எனக்குத் தரப்பட்டிருந்த மதிப்பீட்டுப் படிவம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். காட்சித் தரம், படைப்பாற்றல், குழு ஒத்துழைப்பு, வழங்கும் திறன் என்று 4 கட்டங்கள் அதில் இருந்தன; நூலை வாசித்தார்களா என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை. இலக்கிய வகுப்புக்கான படிவத்தை இலக்கியம் வாசிக்காதவர்கள் தயாரித்தால் இப்படித்தான் அமையும். ஆனால் பேனா என் கையில்தான் இருந்தது.

ஒரு வாரம் கழித்து நடந்த வாய்மொழித் தேர்வில் இரு குழுக்களையும் தனித்தனியே உட்காரவைத்துப் பேசியபோதுதான் கண் திறந்தது. “வயலின் இசையை ஏன் சேர்த்தீர்கள்?” என்று முதல் குழுவிடம் கேட்டேன். “அப்போதுதானே பார்ப்பவர்களுக்குச் சோகம் புரியும், சார்” என்றார்கள். கத்ரீன் அந்தப் பதக்கத்தை என்ன செய்யப் போவதாகச் சொல்கிறாள் என்று கேட்டதற்கு ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. தனக்காகத் திருப்பலி நிறைவேற்றச் சொல்லிப் பாதிரியாரிடமே கொடுத்துவிடப் போவதாக அவள் முணுமுணுக்கிறாள். கேலியா பரிதாபமா என்று தீர்த்துச் சொல்ல முடியாத அந்த ஒரு வாக்கியம் காணொளியில் இல்லாததற்குக் காரணம், அதற்குப் பொருத்தமான இசை அவர்களிடம் இல்லை என்பதுதான்.

இரண்டாவது குழு உள்ளே வரும்போதே தங்களுக்குள் வாதாடிக்கொண்டு வந்தது. எந்தத் தடத்தின் ஒலியை உயர்த்துவது என்பதில் ஒரு மாலைப்பொழுது முழுவதும் தகராறு நடந்ததாம். காதல் பேச்சை உயர்த்தினால் அது காதல் கதையாகிவிடுகிறது, அறிவிப்பை உயர்த்தினால் நகைச்சுவையாகிவிடுகிறது. நாவலில் இரண்டும் ஒரே அளவில்தான் கேட்கின்றன என்றாள் ஒரு மாணவி. பதிவு தெளிவில்லாமல் போனதற்கும் அதுவே காரணம். இரண்டையும் வேண்டுமென்றே சம அளவில் வைத்திருந்தார்கள். கதைசொல்லி எந்தப் பக்கமும் சாயாமல் நிற்பதைப் பற்றி 2 வாரம் கரும்பலகையில் எழுதிப் போட்டு நான் விளக்கியதை, அவர்கள் ஒலியளவைக் கூட்டிக் குறைத்தே கண்டுபிடித்திருந்தார்கள். நான் அதற்கு 11 கொடுத்திருந்தேன்.

1857-இல் அந்த நாவல் பொது ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்று ஃப்ளோபேர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது அரசு வழக்கறிஞர் பினார் வைத்த வாதங்களில் ஒன்று, எம்மாவைக் கண்டிக்கும் தகுதியுள்ள ஒரு பாத்திரம்கூட நூலில் இல்லை என்பது. வழக்கில் ஃப்ளோபேர் விடுதலையானார். இந்த விவரத்தைப் பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். பினார் தேடிய அந்தக் கண்டிக்கும் குரலின் இடத்தில்தான் என் மாணவர்களின் வயலின் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது அந்த வாய்மொழித் தேர்வு வரை எனக்கு உறைக்கவில்லை. எதை உணர வேண்டும் என்று வாசகருக்குச் சொல்லித்தரும் வேலையை நாவல் மறுக்கிறது. இசை அதையே செய்கிறது.

‘யதார்த்தவாதி’ என்ற பட்டத்தை ஃப்ளோபேரே வெறுத்தாரே என்று இந்தப் பதிலின் கீழ் யாராவது எழுதக்கூடும். அது எனக்கும் தெரியும். கேமராவே கூடாது என்கிறீர்களா என்றும் கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கேமராவைக் கையில் கொடுத்தவுடன் ‘உள்ளதை உள்ளபடி காட்டினால் அது யதார்த்தம்’ என்ற எண்ணம் மாணவர்களிடம் ஒட்டிக்கொள்கிறது. நெடுஞ்சாலையில் தூக்கிச் செல்லப்படும் கண்ணாடிதான் நாவல் என்று பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்தாந்தால் 1830-இல் எழுதிய உவமையை நாம் சொல்லிக்கொடுப்பதும் அதற்கு ஒரு காரணமோ என்று சந்தேகப்படுகிறேன். அந்தக் கண்ணாடியை யார் தூக்கிக்கொண்டு போகிறார், எந்தப் பக்கம் திருப்புகிறார் என்பதுதான் பாடம்.

ஆகவே மறு ஆண்டு முறையை மாற்றினேன். படப்பிடிப்புக்கு முன்பு ஒவ்வொரு குழுவும் தன் பத்தியிலுள்ள பொருள்களை எல்லாம் எழுதி, எதை நீக்கினால் என்ன போகும் என்று வாதாட வேண்டும். ஃப்ளோபேரின் ‘எளிய இதயம்’ கதைத் தொடக்கத்தில் பியானோவுக்கு மேல் ஒரு காற்றழுத்தமானி இருக்கிறது. எல்லாக் குழுக்களும் முதலில் நீக்குவது அதைத்தான், கதைக்கு அது எதுவும் செய்யவில்லை என்று. கதைக்கு உதவாத இத்தகைய பொருள்களே ‘இது நிஜம்’ என்ற உணர்வைத் தருகின்றன என்று பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் 1968-இல் இந்தக் காற்றழுத்தமானியையே காட்டி எழுதினார். நான் அதை முதலிலேயே சொல்லிவிடுவதில்லை. அவர்கள் நீக்கட்டும்; நீக்கிய அறையைப் படமெடுத்து, அது மேடை அமைப்புப் போல் வெறுமையாகத் தெரிகிறதே என்று அவர்களே திரும்பி வந்த பிறகுதான் பார்த்தின் பெயரை எடுப்பேன்.

இசைக்கு ஒரே ஒரு விதி வைத்தேன்: காட்சிக்குள் யாராவது வாசித்தாலொழிய இசை கிடையாது. மதிப்பெண்ணில் பாதியை, குழுவில் ஒவ்வொருவரும் தாம் எடுத்த ஒரு முடிவைத் தனியாக விளக்குவதற்கு ஒதுக்கினேன். குழுப்பணியில் ஒருவர் சுமக்க மூவர் பெயர் எழுதிக்கொள்ளும் வழக்கம் ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன், குறைந்தது.

அந்த இரண்டாவது குழுவின் மதிப்பெண்ணை 17 ஆக்கினேன். முதல் குழுவின் 18-ஐக் குறைக்கவில்லை. கைதட்டிவிட்டுப் பிறகு பறிப்பது நியாயமாகப் படவில்லை. அது சரியா என்று இன்றும் எனக்குள் தகராறு உண்டு.

இதற்கெல்லாம் 3 வாரங்களாவது தேவைப்படும். உங்களுக்கு ஒரு வாரம்தான் தருகிறார்கள் என்றால் காணொளியை விட்டுவிடுங்கள். கண்காட்சிப் பகுதியை இரண்டு மாணவர்களிடம் கொடுத்து, ஒருவர் ரொடோல்ஃபையும் மற்றவர் பரிசு அறிவிப்பையும் உரக்க வாசிக்கட்டும். யார் குரலைத் தாழ்த்துவது என்பதை வகுப்பு முடிவு செய்யட்டும்.