கை மேலே ஏறவில்லை, யோகா வகுப்பில் சேரலாமா?

கேள்வி: எனக்கு வயது 48. புற்றுநோயால் இடது மார்பகத்தையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்து ஐந்து வாரம் ஆகிறது. தையல் ஆறிவிட்டது, ஆனால் கை தோளுக்கு மேல் ஏறவில்லை. தூக்கமும் இல்லை. பக்கத்துத் தெரு யோகா மையத்தில் 21 நாளுக்கு 15,000 ரூபாய் கேட்கிறார்கள். அதுவரை கீமோவைத் தள்ளிப்போடலாம் என்கிறார்கள். சேரலாமா?

பதில்: அங்கே வேண்டாம், அம்மா. கீமோவைத் தள்ளிப்போடச் சொல்பவரிடம் மூச்சுப் பயிற்சிகூடக் கற்கக் கூடாது. அறுவைக்குப் பின் மூன்று மாதம் தாண்டினால் கீமோவின் பலன் குறையும். யோகா தூக்கத்துக்கு உதவும். 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சிகிச்சை முடித்த 410 பேரில் யோகா செய்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தூங்கினார்கள். புற்றை அது கரைக்காது. கரைக்கும் என்று சொல்லிப் பணம் வாங்குபவர்கள் உங்கள் பயத்தை விற்கிறார்கள்.

கைக்கு வருவோம். அறுவை முடிந்த ஓரிரு நாளிலேயே மெல்ல அசைக்கத் தொடங்கியிருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் 'கனமான வேலை கூடாது' என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் பயந்து கையை மடியிலேயே வைத்துக்கொள்கிறார்கள், தோள் இறுகிவிடுகிறது. பிறகு கதிர்வீச்சு மேசையில் கையைத் தலைக்கு மேல் வைக்க முடியாமல் அழுகிறார்கள். ஒரு பிசியோதெரபிஸ்ட்டை வார்டுக்கு அனுப்ப என்ன செலவாகிவிடும்?

அறுவை மருத்துவரிடம் கேட்டுவிட்டு இன்றே தொடங்குங்கள். சுவரைப் பார்த்து நின்று, எறும்பு ஊர்வதுபோல விரல்களால் மேலே ஏறுங்கள். இழுக்கும் இடத்தில் நிறுத்தி, நான்கைந்து மூச்சு விட்டு இறங்குங்கள். இரவில் மல்லாந்து படுத்து, மூச்சு போய்வருவதைக் கவனித்தாலே போதும். மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி, தலைகீழ் ஆசனங்கள் இப்போது வேண்டாம்.

மெதுவான ஆசனங்களில் பெரும்பாலானவை செய்யலாம். உள்ளங்கையை ஊன்றி உடல் எடையைத் தாங்குபவை மட்டும் இப்போதைக்குக் கூடாது. சூரிய நமஸ்காரத்திலேயே அது வருகிறது, குழு வகுப்பில் உங்களுக்காக யாரும் நிறுத்தமாட்டார்கள். நெறிக்கட்டி எடுத்த கையில் நீர் வடியும் வழி குறைந்திருக்கிறது. திடீரென்று பாரம் ஏற்றினால் வீங்கலாம். பின்னாளில், கற்றவர் மேற்பார்வையில், படிப்படியாக ஏற்றலாம். அந்தப் பக்கத்து வளையலோ ரவிக்கைக் கையோ இறுகினால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிவந்து, காய்ச்சலும் வந்தால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள்.

மாவட்ட அரசு மருத்துவமனையில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கிருப்பவர்கள் ஐந்தரை ஆண்டு படித்தவர்கள், பணமும் கேட்கமாட்டார்கள். போகும்போது அறுவை அறிக்கையைக் கையில் கொண்டுபோங்கள்.