அடக்கப் பதிவு இல்லையா? கணக்கு நோட்டைக் கேளுங்கள்

கேள்வி: என் கணவரின் முன்னோர் ஸ்காட்லாந்தில் ஒரு கிராமத்துப் பிரஸ்பிட்டேரியன் சபையினர். அங்கே கல்லறைத் தோட்டத்தில் எள்ளுத்தாத்தாவின் கல்லைக் கண்டுபிடித்தோம், இறந்தது 1838. சபைப் பதிவேட்டில் பிள்ளைகளின் ஞானஸ்நானம் எல்லாம் இருக்கிறது, அவர் அடக்கம் மட்டும் இல்லை. கல்லில் அவருக்குக் கீழே வேறு குடும்பப் பெயரில் ஒரு பெண். வீட்டில் ஒரே குசுகுசுப்பு! யார் அவர்?

பதில்: முதலில் குசுகுசுப்பை நிறுத்தச் சொல்லுங்கள் சகோதரி. அநேகமாக அவர் மனைவிதான். கல்யாணமான பெண்ணையும் பிறந்த வீட்டுப் பெயராலேயே கல்லில் வெட்டுவது ஸ்காட்லாந்து வழக்கம். ‘ரெலிக்ட்’ என்றிருந்தால் விதவை என்று பொருள்.

அடக்கம் விடுபட்டதற்குக் காரணம் பழையது. 1645-ல் ஸ்காட்லாந்து சபை ஏற்ற வழிபாட்டு நெறிநூல், உடலை மரியாதையாகக் கொண்டுபோய்ச் சடங்கில்லாமல் புதைக்கச் சொன்னது. ஞானஸ்நானம் போல அது ஆராதனை இல்லையே, ஏட்டில் ஏற்ற! பல ஊர்களில் அடக்கப் பதிவேடே கிடையாது.

ஆனால் காசு வந்தால் எழுதாமல் விடுவார்களா? சவப்பெட்டிமேல் போர்த்தும் ‘மார்ட்கிளாத்’ துணியைச் சபை வாடகைக்குக் கொடுக்கும்; அந்தக் காசு ஏழைகளுக்கு. மூப்பர்கள் கூடும் ‘கிர்க் செஷன்’ கணக்கில் அது வரவாக நிற்கும், பல இடங்களில் இறந்தவர் பெயரோடு. இது தெரியாமல் நான் ஒரு குடும்பத்துக்காக மூன்று நாள் ஞானஸ்நான ஏட்டையே புரட்டினேன். நான்காம் நாள் மத்தியானம், கூரை ரிப்பேர் செலவுக்கு இரண்டு வரி மேலே ஆள் அகப்பட்டார். ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் இணையதளத்தில் இந்த நோட்டுகளின் படங்கள் உண்டு. ஒன்று: வாடகை வாங்காத அடக்கம் வரவில் ஏறாது. பரம ஏழைகளும் கைக்குழந்தைகளும் இப்படித்தான் விடுபட்டார்கள்.

பாட்டி 1855-க்கு அப்புறம் இறந்திருந்தால் வேலை சுலபம். அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் அரசு இறப்புப் பதிவு உண்டு. பெற்றோர் பெயரும், 1860 வரை புதைத்த இடமும் அதில் கேட்டார்கள்.

அப்புறம், கல்லை அப்படியே நம்பாதீர்கள். எல்லாப் பெயரும் ஒரே கை எழுத்தாக இருந்தால், பேரப்பிள்ளைகள் பின்னால் நட்டிருக்கலாம். தேதி ஞாபகத்திலிருந்து வந்திருக்கும். வேறெங்கோ புதைத்தவர் பெயரையும் சேர்ப்பதுண்டு. எழுத்து மங்கலா? சாக்பீஸ், கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். ஒரு கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுப் போட்டோ எடுங்கள்.