அசைவம் சமைக்கும் வீட்டில் ஜெயின் நண்பர்களுக்கு விருந்து: வெங்காயம், பூண்டை விட்டால் மட்டும் போதுமா?

போதாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் சென்னை, நவம்பர் கடைசி, மொத்தம் ஆறு பேர், ராத்திரி சாப்பாட்டுக்கு அழைத்தாகிவிட்டது. முதல் சிக்கல் சமையலில் இல்லை, அந்த 'ராத்திரி'யில் இருக்கிறது. கட்டுப்பாடாக இருக்கும் ஜெயின் குடும்பங்கள் சூரியன் மறைந்த பிறகு சாப்பிட மாட்டார்கள், சிலர் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. நவம்பர் கடைசியில் சென்னையில் 5:40 வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். ஜூன் என்றால் 6:35 வரை நேரம் இருக்கும். எட்டு மணிக்கு இலை போட்டால் வந்தவர்கள் பட்டினியாக உட்கார்ந்து உங்களோடு சிரித்துப் பேசிவிட்டுப் போவார்கள். மரியாதைக்கு வாய் திறக்கவும் மாட்டார்கள்.

அதனால் அழைப்பை மாலை டிபனாக மாற்றிவிடுங்கள். 4:30க்கு வரச் சொல்லி 5:25க்குள் முடிப்பது சரியாக இருக்கும். சாம்பார், ரசம், மூன்று காய் என்று முழுச் சாப்பாடு போடுவதைவிட இது உங்களுக்கும் சுலபம்.

அடுத்து, கேட்டுவிடுங்கள். ஒரே மதம் என்றாலும் வீட்டுக்கு வீடு அளவு மாறும். சௌகார்பேட்டை, வேப்பேரிப் பக்கம் இருக்கும் மார்வாடி, குஜராத்தி ஜெயின் வீடுகளின் வழக்கம் ஒன்று, வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரத்துத் தமிழ்ச் சமணர்களின் வழக்கம் கொஞ்சம் வேறு. இளைய தலைமுறையில் வெளியே உருளைக்கிழங்கு சாப்பிடுபவர்களும் உண்டு, அம்மா அப்பா கூட வந்தால் தொடாதவர்களும் உண்டு. "என்ன சாப்பிடுவீங்க?" என்று பொதுவாகக் கேட்டால் "எதுவானாலும் பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: "எங்க வீட்ல கறி, மீன் சமைப்போம். தனிப் பாத்திரத்துல செஞ்சா சாப்பிடுவீங்களா, இல்ல பழம், பால் மட்டும் வெச்சா உங்களுக்கு நிம்மதியா இருக்குமா? கிழங்கு வேண்டாம்னு தெரியும். தயிர், பருப்பு, புளிச்ச மாவு, கீரை இதுல ஏதாவது பார்ப்பீங்களா? அன்னிக்கு அஷ்டமி, சதுர்த்தசி மாதிரி திதி ஏதாவது வருதா?" பழம், பால் போதும் என்று சொன்னால் வற்புறுத்த வேண்டாம். அசைவ அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுவதில்லை என்பதைத்தான் நாசூக்காகச் சொல்கிறார்கள்.

கிழங்கு என்றால் உருளை, கேரட், பீட்ரூட், முள்ளங்கி, சேனை, சேப்பங்கிழங்கு, வெங்காயம், பூண்டு எல்லாம் அடக்கம். பச்சை இஞ்சியும் பச்சை மஞ்சளும் கூடாது, ஆனால் சுக்கும் மஞ்சள்தூளும் ஆகும். கிழங்கில் ஒரே உடம்புக்குள் எண்ணற்ற உயிர்கள் இருக்கின்றன என்பது அவர்கள் கணக்கு. மண்ணுக்குள் விளைந்தாலும் வேர்க்கடலை அந்தக் கணக்கில் வராது, தாராளமாகப் போடலாம். கத்தரிக்காய், காளான், அத்திப்பழம், தேன் வேண்டாம். காலிஃபிளவரைப் பலர் ஒதுக்குவார்கள். முட்டைகோஸ் வீட்டுக்கு வீடு மாறும், நான் வைக்க மாட்டேன்.

"நாங்களே சுத்த சைவம், எங்களுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று நினைக்கும் வீடுகளில்தான் அதிகம் தவறுகிறது. அடை அவியலை எடுத்துக்கொள்ளுங்கள். வெங்காயம் போடாமலே செய்யலாம், மாவு புளிக்க வேண்டியதில்லை. பார்த்தால் ஜெயின் விருந்துக்கென்றே பிறந்த பலகாரம் மாதிரி இருக்கும். உள்ளே நான்கு கண்ணி இருக்கிறது. அவியலில் சேனையும் கேரட்டும் இருக்கும். அவியலில் கடைசியாகச் சேர்ப்பது காய்ச்சாத தயிர். பருப்பு வகை எதையும் காய்ச்சாத பால், தயிர், மோரோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்பது பல ஜெயின் வீடுகளில் கண்டிப்பான விதி. அடையோ முழுக்கப் பருப்பு, ஆக இரண்டையும் ஒன்றாகச் சாப்பிட முடியாது. தொட்டுக்கொள்ள வைக்கும் வெண்ணெய், தேனைப் போலவே விலக்கப்பட்ட பொருள். நெய் ஆகும். நான்காவது, மாவில் போடும் முருங்கைக்கீரை. சாதுர்மாஸ்யம் என்று அவர்கள் சொல்லும், ஏறக்குறைய ஜூலையிலிருந்து நவம்பர் வரையிலான நான்கு மாதமும் பலர் கீரையைத் தொடுவதில்லை. நவம்பர் கடைசியில் அந்தக் காலம் அநேகமாக முடிந்திருக்கும், இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதே தயிர் விதிதான் தயிர்சாதத்தில் தாளிக்கும் உளுத்தம்பருப்பிலும் இடிக்கும். மோர்க்குழம்பில் அரைத்து விடும் கடலைப்பருப்பிலும் அதே கதை. தயிர்சாதத்துக்குக் கடுகும் மிளகாயும் மட்டும் தாளித்தால் போதும். ஆனால் அதே பந்தியில் அடை இருந்தால் தயிர்சாதமே வேண்டாம்.

சரி, அடையை எப்படிச் செய்வது? ஆறு பேருக்குப் புழுங்கலரிசி 300 கிராம், துவரம்பருப்பு 150, கடலைப்பருப்பு 150, உளுத்தம்பருப்பு 50, காய்ந்த மிளகாய் எட்டு. மதியம் 12:30க்கு ஊறப்போட்டு 3:45க்குக் கொரகொரவென்று அரையுங்கள். முதல் நாள் இரவே அரைத்து வைக்காதீர்கள். ராத்திரி தாண்டிய ஈரப் பண்டம் கண்டிப்பானவர்களுக்கு ஆகாது, இட்லி தோசை மாவும் அதனால்தான் அடிபடுகிறது. அரை டீஸ்பூன் சுக்குப்பொடி, அரை டீஸ்பூன் பெருங்காயம், உப்பு, கைப்பிடி தேங்காய்ப்பல் சேருங்கள். வெங்காயம் இல்லாத அடை ஆறினால் வறட்டி மாதிரி ஆகிவிடும், காரணம் வெங்காயத்தின் ஈரம் உள்ளே இல்லை. தேங்காய்ப்பல் அதைக் கொஞ்சம் ஈடுகட்டும். துருவிய சுரைக்காய் ஒரு கப் போட்டால் இன்னும் நன்றாக மெதுவாக இருக்கும். ஆனால் அது தண்ணீர் விடும், வார்க்கப்போகும்போது மட்டும் கலக்குங்கள்.

15 அடை வரும். ஒன்றுக்கு நாலு நிமிடம் வைத்தால் ஒரு கல்லில் ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் இருட்டிவிடும். இரண்டு கல் கட்டாயம். உங்கள் வீட்டு இரும்பு தோசைக்கல் ஆம்லெட்டும் மீனும் பார்த்ததாக இருக்கும். பழகிய கல்லில் ஏறிய எண்ணெய் எத்தனை தேய்த்தாலும் முழுக்கப் போகாது. புது இரும்புக்கல் வாங்கினால் பழக்க நாளாகும், முதல் அடை பிய்ந்துகொண்டு வரும். புது நான்ஸ்டிக் கல் இரண்டு வாங்கிவிடுங்கள் அல்லது சைவக்காரப் பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

அவியலைத் தயிர் இல்லாமல் புளியில் செய்யலாம், கேரளத்தில் அந்த வழக்கம் உண்டு. பூசணி, புடலை, முருங்கைக்காய், வாழைக்காய், கொத்தவரை எல்லாம் சேர்த்து 600 கிராம். அரை மூடித் தேங்காய், ஒரு டீஸ்பூன் சீரகம், நாலு பச்சை மிளகாய் அரைத்து விட்டு, கடைசியில் இரண்டு டேபிள்ஸ்பூன் தேங்காயெண்ணெய். நெல்லிக்காய் அளவு புளி போதும். காய் முக்கால் பதம் வெந்த பிறகுதான் புளித்தண்ணீரை விட வேண்டும். முதலிலேயே விட்டால் கொத்தவரையும் வாழைக்காயும் வேகாமல் விறைத்து நிற்கும். கூட வெல்லம், நெய், பூண்டில்லாத தேங்காய்ச் சட்னி, சேமியா கேசரி போதும். வெள்ளித்தாள் ஒட்டிய கடை இனிப்பு வேண்டாம். அந்தத் தாளை மிருகக் குடல்தோலுக்கு நடுவில் வைத்துத் தட்டும் வழக்கம் இருந்ததால் பலர் தொட மாட்டார்கள்.

அன்று அஷ்டமியோ சதுர்த்தசியோ இருந்தால் பச்சைக் காயே கிடையாது என்பார்கள். தினசரி காலண்டரைக் கிழிக்கும்போதே தெரிந்துவிடும். கறிவேப்பிலை, கொத்தமல்லி, பச்சை மிளகாயும் அதில் சேர்த்தி என்பதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அப்போது அவியலை விட்டுவிட்டு, காய்ந்த மிளகாய் அரைத்த பருப்பு உருண்டைக் குழம்பு, சாதம், அப்பளம் என்று போய்விடலாம். உருண்டையைக் குழம்பில் நேராகப் போடாமல் 12 நிமிடம் ஆவியில் வேகவைத்துப் போடுங்கள், கரையாது. வெங்காயம் இல்லாததால் குழம்பு தண்ணியாக நிற்கும். ஒரு டேபிள்ஸ்பூன் பொட்டுக்கடலையைத் தேங்காயோடு அரைத்து விட்டால் கெட்டிப்படும், சுண்டைக்காய் அளவு வெல்லம் வெங்காயத்தின் இனிப்பை ஈடுகட்டும்.

அடுக்களையில் கவனிக்க வேண்டியவை: மீன் பொரித்த எண்ணெய், மரக்கரண்டி, காய் நறுக்கும் பலகை, மிக்ஸி மூடியின் ரப்பர் வளையம். எவர்சில்வர் பாத்திரம் தேய்த்தால் போதும், இந்த நான்கையும் அப்படிச் சரிசெய்ய முடியாது. கறி பிசைந்த கையோடு தொட்ட உப்பு ஜாடியையும் அஞ்சறைப்பெட்டியையும் ஓரம் வைத்துவிட்டுப் புதுப் பாக்கெட் பிரியுங்கள். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் இறைச்சி, முட்டை இல்லை என்றுதான் அர்த்தம். பூண்டு இருக்கிறதா என்று பொருள் பட்டியலைப் படித்தால்தான் தெரியும், சில ரசப்பொடிகளில் இருக்கும். தட்டுப் பிரச்சினைக்கு வாழையிலை போட்டுவிட்டால் யாருக்கும் தர்மசங்கடம் இல்லை. முதல் நாள் மாலையிலிருந்தே மீன், கருவாடு வேண்டாம், வாசம் மறுநாளும் ஹாலில் நிற்கும். உங்கள் பிள்ளைகளுக்கென்று தனியாகச் சிக்கன் செய்வதும் வேண்டாம். எல்லா இலைக்கும் ஒரே சமையல் போடுங்கள்.

சிலர் கொதிக்க வைத்த தண்ணீர் மட்டும் குடிப்பார்கள். அன்று காலையே துணியில் வடிகட்டி, பிறகு தளதளவென்று கொதிக்கவைத்து ஆறியதை மேசையில் வைத்துவிடுங்கள். 5:15க்குக் காபி கொடுங்கள். ஏழு மணிவரை பேசிக்கொண்டிருந்தாலும் அதற்குப் பிறகு "ஒரு வாய் காபி" என்று எழாதீர்கள்.

மிச்ச அடையைப் பொட்டலம் கட்டிக் கொடுக்காதீர்கள், விடிந்தால் அவர்களுக்கு அது ஆகாது. கொடுத்துவிட ஆசையாக இருந்தால் பழம் கொடுங்கள், அல்லது வெண்ணெயும் பூண்டும் போடாமல் சூடான எண்ணெய் விட்டுப் பிசைந்த தட்டை.