‘ரெடிமேட் தடாகத்துக்கு அனுமதி வேண்டாம்’ என்பவரிடம் முற்பணம் கட்டலாமா?

கேள்வி: சுவிஸில் வேலை செய்கிறேன். போன வருடம் இத்தாலியில், அஸ்தி மாவட்டத்துக் குன்றுப் பகுதியில் பழைய பண்ணைவீடு ஒன்று வாங்கினோம். எட்டு மீற்றர் நீளம், மூன்றரை மீற்றர் அகலத்தில் பைபர் நீச்சல் தடாகம் ஒன்றை 19,900 யூரோவுக்குப் பதித்துத் தருவதாக ஒரு விற்பனையாளர் சொல்கிறார். ரெடிமேட் என்பதால் கொமூனேயில் (உள்ளூராட்சி சபையில்) அனுமதி எடுக்கத் தேவையில்லையாம். இந்த மாதத்துக்குள் 40 வீதம் முற்பணம் கட்டினால் விலைக்கழிவும் உண்டாம். நம்பலாமா?

பதில்: முற்பணம் கட்டாதீர்கள்.

தொட்டி தொழிற்சாலையில் செய்யப்பட்டதா, உங்கள் காணியில் வார்க்கப்பட்டதா என்பது கொமூனேக்கு ஒரு பொருட்டே இல்லை. நிலத்தைத் தோண்டி நிரந்தரமாகப் பதிக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. பதித்தால் பேப்பர் வேண்டும். எந்தப் பேப்பர் என்பதை வீட்டின் கன அளவையும் அந்தக் கொமூனேயின் கட்டட விதிகளையும் பார்த்து முடிவு செய்வார்கள். அதில் நீங்கள் தலையைக் கொடுக்க வேண்டாம், ஜியோமெத்ரா (அளவையும் கட்டட விண்ணப்பமும் செய்து தரும் தொழில்நுட்பவியலாளர்) பார்த்துக்கொள்வார். அனுமதி இல்லாமல் பதித்தால் இடிக்கச் சொல்லும் கட்டளை காணிக்காரர் பெயரில்தான் வரும். ஒளிக்கவும் முடியாது. வானத்திலிருந்து எடுக்கும் படங்களில் நீலத் தடாகத்தைப்போலப் பளிச்சென்று தெரியும் பொருள் வேறு இல்லை.

இந்த ‘அனுமதி வேண்டாம்’ கதை எங்கிருந்து வருகிறது என்றால், ஒரு விதிவிலக்கு உண்மையிலேயே இருக்கிறது. நிலத்துக்கு மேலே வைத்து, பருவம் முடியக் கழற்றிவிடும் தடாகம். தற்காலிகத் தேவைக்கு என்று கொமூனேக்கு அறிவித்துவிட்டு, பூட்டுவதும் கழற்றுவதும் சேர்த்து 180 நாட்களுக்குள் அகற்றினால் சரி. ஆனால் ‘கழற்றுவது’ என்றால் உண்மையாகக் கழற்றுவது. என்னிடம் வந்த ஒருவர் நிலத்துக்கு மேல் தடாகம்தான் வாங்கினார். அது ஆடாமல் நிற்கக் கீழே கொங்கிறீற் தளம் போட்டார். பிள்ளைகள் ஏற மரப்படி, படியோடு சேர்த்து நாலு பக்கமும் மரத்தட்டு. பார்வைக்கு அழகில்லை என்று வயரையும் குழாயையும் நிலத்துக்குள் தாட்டார். குளிர்காலத்தில் கழற்றச் சோம்பல்பட்டு மேலே ஒரு படங்கு கட்டிவிட்டார். இவ்வளவையும் செய்துவிட்டு, ‘இது கழற்றும் சாமான்தானே’ என்று என்னிடமே கேட்டார். உங்கள் விற்பனையாளர் தருவது நிலத்துக்குள் போவது. அதற்கும் இந்த விதிவிலக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இனி ஒப்பந்தம். 40 வீதத்துக்குப் பக்கத்தில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். ‘அக்கோந்தோ’ என்றிருந்தால் அது வெறும் முற்பணம். ‘காப்பாரா கொன்ஃபெர்மாதோரியா’ என்றிருந்தால், அவர் சொல் தவறினால் நீங்கள் இரட்டிப்பாகக் கேட்கலாம். நீங்கள் தவறினால் கட்டிய காசு அவருக்கு. அனுமதி கிடைக்கவில்லை என்று நீங்கள் விலகுவதையும் ‘தவறியது’ என்றுதான் அவர் சொல்வார். ஆகவே ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: எல்லா அனுமதியும் கிடைத்த பிறகுதான் இந்த ஒப்பந்தம் செல்லும், கிடைக்காவிட்டால் வாங்கிய காசு முழுவதும் திரும்பி வரும். உங்கள் வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கினால் 14 நாளுக்குள் விலகும் உரிமை பொதுவாக உண்டு. ஆனால் ‘உங்கள் அளவுக்கென்றே செய்தது’ என்று ஒரு சொல்லைப் போட்டு அதையும் வெட்டிவிடுவார்கள்.

அவர்களே ‘எங்கள் ஜியோமெத்ரா இருக்கிறார், எல்லாம் அவர் பார்ப்பார்’ என்றும் சொல்வார்கள். வேண்டாம். விற்பவரிடம் காசு வாங்குபவர் உங்களிடம் ‘இந்தக் காணியில் முடியாது’ என்று சொல்லமாட்டார். ஊரில் உள்ள ஒருவரை நீங்களே பிடியுங்கள்.

அவர் முதலில் பார்க்க வேண்டியது தடாகத்தை இல்லை, வீட்டை. பழைய பண்ணைவீடுகளில் வைக்கோல் கொட்டில் ஒரு நாள் அறையாகியிருக்கும், வராந்தா ஒன்று முளைத்திருக்கும், பேப்பரில் ஒன்றும் இராது. அது சரியாகும்வரை தடாகத்துக்கு விண்ணப்பிப்பதில் பயன் இல்லை. அடுத்தது, காணி நிலத்தோற்றப் பாதுகாப்புக்குள் வருகிறதா என்பது. ஆற்றிலிருந்து 150 மீற்றருக்குள் என்றால் பெரும்பாலும் வரும். வந்தால் சொப்ரின்தென்தென்ஸாவின் (மரபுரிமையையும் நிலத்தோற்றத்தையும் காக்கும் அரச அலுவலகத்தின்) கருத்தும் வேண்டும். அனுமதியின்றித் தோண்டினால் அது தண்டப்பணத்தோடு முடியாது, குற்ற வழக்கு. கருத்துச் சொல்ல அவர்களுக்குச் சட்டம் கொடுத்திருப்பது 45 நாள். சட்டம் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். 44ஆம் நாள் ‘இன்னொரு படம் இணைக்கவும்’ என்று ஒரு மின்னஞ்சல் வரும், கணக்கு நின்றுவிடும். விண்ணப்பம் முழுக்கக் கணினியில்தான், ஆனால் 16 யூரோ முத்திரைக்குப் புகையிலைக் கடையில் வரிசையில் நிற்கும் காலம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அலுவலகத்தில் ஆளைப் பிடிக்க வேண்டுமென்றால் கிழமையில் இரண்டு காலை.

உங்கள் குன்றுகளில் களிமண் அதிகம்; மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், சரிவில் நகரும். இதே மாதிரி மண்ணில் ஒருவர் கார்த்திகை மழைக்குள் பைபர் தொட்டியைக் கழுவ என்று வெறுமையாக்கினார். காலையில் பார்த்தால் ஒரு பக்கம் ஒரு முழம் மேலே வந்து, கரைக்கல்லைப் பெயர்த்துக்கொண்டு படகு மாதிரிச் சாய்ந்து கிடந்தது. கீழே தேங்கிய நீர் தூக்கிவிட்டது. பைபர் கூடாத பொருள் என்று நான் சொல்லவில்லை. புவிச்சரிதவியலாளர் மண்ணைப் பார்க்க வேண்டும், அடியில் வடிகாலும் நீர்மட்டம் பார்க்க ஒரு குழாயும் வேண்டும், தொட்டியை ஒருபோதும் நீங்களாக வெறுமையாக்கக்கூடாது.

அதைவிட உங்கள் பாதையை அளந்து பாருங்கள். மூன்றரை மீற்றர் அகலத் தொட்டி சாதாரண லொறியில் வராது, 2.55 மீற்றர் தாண்டினால் தனி அனுமதி, அதோடு பாரந்தூக்கி. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து போகும் பாதை என்றால் நான் பைபருக்குப் பதில் இரும்புப் பலகைச் சுவரும் பிவிசி விரிப்பும் உள்ள தடாகம்தான் சொல்வேன். துண்டு துண்டாகச் சின்ன லொறியில் ஏறிவிடும்.

19,900 யூரோவுக்குள் என்னென்ன அடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். தோண்டும் மண் மட்டும் 70 கன மீற்றர் வரும், அதை எங்கே கொட்டுவது? நிரப்ப 40,000 லீற்றருக்கு மேல் தண்ணீர் வேண்டும். வறட்சிக் கோடைகளில் குழாய்நீரில் தடாகம் நிரப்பக் கொமூனேக்கள் தடை போடுவதுண்டு, அப்போது பவுசர்தான். கரண்ட் பில்லையும் எடுத்துப் பாருங்கள். இத்தாலிய வீட்டு இணைப்பு வழமையாக 3 கிலோவாற். வடிகட்டி மோட்டரும் வெதுப்பியும் துணி தோய்க்கும் இயந்திரமும் ஒன்றாக ஓடினால் மின்மீற்றர் விழுந்து கரண்ட் நின்றுவிடும். தடாகத்துக்கு முன்பே 4.5 அல்லது 6 ஆக உயர்த்த விண்ணப்பித்து வையுங்கள். அதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.