டிசையர் ஆணா, பெண்ணா? வம்சாவளி தேடுவோர் கேள்வி–பதில்

என் மருமகள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்தவர். பேரனுக்காக இரு வீட்டு வம்சாவளியையும் எழுதி வைக்கிறோம். அவர் பக்கத்தில் 1650 வாக்கில் டிசையர், ஹோப்ஸ்டில், எக்ஸ்பீரியன்ஸ் என்றெல்லாம் பெயர்கள் வருகின்றன. இவர்கள் ஆண்களா, பெண்களா? — வாசகி, கோவை

பெயரை மட்டும் பார்த்து ஒருபோதும் முடிவு செய்யாதீர்கள். இவை பியூரிட்டன் (இங்கிலாந்தின் தீவிர சீர்திருத்தப் பிரிவு) கிறிஸ்தவர்கள் வைத்த பெயர்கள். ஆசை, நம்பிக்கை, அனுபவம் போன்ற சொற்களை மகனுக்கும் வைத்தார்கள், மகளுக்கும் வைத்தார்கள். 1620இல் இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் வந்த ஜான் ஹௌலண்டின் மகள் பெயர் டிசையர். மாசசூசெட்ஸின் டார்செஸ்டரில் 1630இல் குடியேறிய ரோஜர் கிளாப்பின் மகன் பெயரும் டிசையர்தான். கிளாப் வீட்டைச் சற்று உற்றுப் பாருங்கள். ப்ரிசர்வ்ட், ஹோப்ஸ்டில், வெயிட்ஸ்டில், சப்ளை ஆகியோர் மகன்கள். வெயிட் என்பவரோ மகள். வெயிட்டையும் வெயிட்ஸ்டில்லையும் ஒருவராக நினைத்து இணைத்துவிட்டால் அடுத்த தலைமுறை முழுவதும் தடம் மாறிவிடும். எக்ஸ்பீரியன்ஸ் என்பது பெண்களுக்கு நிறைய வைத்த பெயர்தான். ஆனால் மார்த்தாஸ் வினியார்டு தீவில் ஊழியம் செய்த எக்ஸ்பீரியன்ஸ் மேஹ்யூ ஓர் ஆண்.

சான்று தேட வேண்டிய இடங்கள் வேறு. முதலில் அப்பாவின் உயிலைப் பாருங்கள். அதில் 'என் மகன்', 'என் மகள்' என்று தெளிவாக இருக்கும். அடுத்தது நிலப் பத்திரம். நிலத்தை விற்கும்போது மனைவி தன் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்தோ குறியோ போடுவது உண்டு. வாக்குரிமை பெற்ற 'ஃப்ரீமேன்' பட்டியலில் பெயர் இருந்தால் அவர் ஆண், சந்தேகமே வேண்டாம். இவற்றில் ஒன்றாவது கிடைக்கும் வரை பால் என்ற கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். யாரோ இணையத்தில் ஏற்றிய குடும்ப மரத்திலிருந்து அதை நிரப்பாதீர்கள்.

முன்னோர் இங்கிலாந்தில் எந்த ஊர்க்காரர் என்று தெரியவில்லை. விசித்திரமான பெயர் அதற்கு உதவுமா? — வாசகர், திருச்சி

பிறந்த காலம் ஏறத்தாழ 1580 முதல் 1600க்குள் என்றால் மிக நன்றாக உதவும். முழு வாக்கியம்போல் அறிவுரை சொல்லும் பெயர்கள் இங்கிலாந்து முழுவதும் பரவியவை அல்ல. அவை கிழக்கு சசெக்ஸ், கென்ட் எல்லையை ஒட்டிய சில ஊர்களில்தான் அடர்த்தியாக இருக்கின்றன. கென்ட்டில் உள்ள க்ரான்புரூக்கில் பணியாற்றிய டட்லி ஃபென்னர் என்ற போதகர் தன் குழந்தைகளுக்கு 'மோர் ஃப்ரூட்' (மேலும் கனி), 'ஃபெயிண்ட் நாட்' (சோர்ந்து போகாதே) எனப் பெயரிட்டார். சசெக்ஸின் வார்பிள்டனில் தாமஸ் ஹீலி தன் பிள்ளைகளுக்கு 'மச் மெர்சி' (மிகுந்த இரக்கம்), 'சின் டினை' (பாவத்தை மறு), 'ஃபியர் நாட்' (அஞ்சாதே) என்று வைத்தார். போதகர் வைத்ததைப் பார்த்து ஊராரும் வைத்தார்கள்.

பாஸ்டனில் வாழ்ந்த அறுவை மருத்துவர் கம்ஃபர்ட் ஸ்டார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1635இல் ஹெர்குலிஸ் கப்பலில் வந்த இவர் கென்ட்டின் ஆஷ்ஃபர்டு ஊர்க்காரராகப் பதிவானவர். ஆனால் 1589 ஜூலையில் ஞானஸ்நானம் பெற்றது க்ரான்புரூக்கில். 'நோ ஸ்ட்ரெங்த்', 'மோர் கிஃப்ட்', 'ஷூர் ட்ரஸ்ட்' எல்லாம் உடன்பிறந்தவர்களின் பெயர்கள். ஷூர் ட்ரஸ்ட்டும் கடல் கடந்து வந்து, சார்ல்ஸ்டவுனில் ஃபெயித்ஃபுல் ரௌஸ் என்பவரின் மனைவியாக வாழ்ந்தார். ஒரு பெயரை மட்டும் துரத்தாமல், உடன்பிறந்தோர் பெயர்களைச் சேர்த்துத் தேடினால் ஊர் தானாகச் சிக்கும்.

பதிவேடுகளைப் பார்க்க: கிழக்கு சசெக்ஸுக்கு பிரைட்டன் அருகே 'தி கீப்', கென்ட்டுக்கு மெய்ட்ஸ்டோனில் உள்ள மாவட்ட ஆவணக் காப்பகம். ஓர் எச்சரிக்கை. 1598இல், பழைய காகிதப் பதிவேடுகளைத் தோல் ஏட்டில் பெயர்த்து எழுத உத்தரவு வந்தது. 1580களின் பக்கங்கள் முழுவதும் ஒரே கையெழுத்தில் இருந்தால் நீங்கள் பார்ப்பது அந்தப் பிரதி. பழக்கமில்லாத பெயரைப் பெயர்த்தெழுதுபவர் திருத்தியிருக்கலாம். இரண்டு சொல்லில் ஒன்றை விட்டிருக்கலாம்.

ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் பெயரைச் சரியாகத்தான் அடிக்கிறேன். ஒன்றும் வருவதில்லை. — வாசகர், மதுரை

சரியாக அடிப்பதுதான் சிக்கல். 'ஃபெயிண்ட் நாட்' என்பதில் இரண்டாம் சொல்லை அட்டவணை தயாரித்தவர் குடும்பப் பெயராக எடுத்திருப்பார். 'வெயிட் ஸ்டில்' என்பதில் 'ஸ்டில்' நடுப்பெயராகப் போயிருக்கும். மெஹிட்டபெல் என்ற பெண் பெயர் ஏழெட்டு விதமாக எழுதப்படும், வீட்டில் 'ஹிட்டி' ஆகிவிடும்.

முதலில் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு, குடும்பப் பெயர், ஊர், ஐந்தாண்டு முன்பின் என்று தேடுங்கள். பிறகு தந்தை பெயரை மட்டும் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் பெயரின் முதல் மூன்று எழுத்தும் நட்சத்திரக் குறியும் போடுங்கள். கிடைத்ததும் மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து பார்க்க வேண்டும். மாசசூசெட்ஸில் 1850 வரையிலான ஊர்ப் பதிவுகள் அச்சிலும் உண்டு. அவற்றில் 'ஜி.ஆர்.' என்றால் கல்லறைக் கல், 'சி.ஆர்.' என்றால் சர்ச் பதிவேடு, 'பி.ஆர்.' என்றால் தனியார் குறிப்பு. மூன்றின் நம்பகமும் ஒன்றல்ல.

'இயேசு உனக்காக மரிக்காதிருந்தால் நீ நரகத்துக்குப் போயிருப்பாய்' என்று ஒருவருக்குப் பெயரே இருந்ததாமே? — வாசகி, சேலம்

லண்டன் தோல் வணிகர் ப்ரெய்ஸ்-காட் பேர்போனின் மகனைப் பற்றிய கதை இது. தந்தையின் பெயர் உண்மை. 1653 நாடாளுமன்றமே அவர் பெயரால் அழைக்கப்பட்டது. மகனோ தீக்காப்பீட்டின் முன்னோடிகளில் ஒருவர், நாடாளுமன்ற உறுப்பினர். அங்கெல்லாம் அவர் நிக்கோலஸ் பார்பன்தான். அந்த நீண்ட பெயரை ஞானஸ்நானப் பதிவுடன் காட்டினால் ஒழிய ஏற்காதீர்கள்.

நியூயார்க் வணிகர் ப்ரிசர்வ்ட் ஃபிஷ்ஷை ('காப்பாற்றப்பட்ட மீன்')க் குழந்தையாகக் கடலில் மிதக்கக் கண்டு காப்பாற்றினார்கள், அதனால்தான் அந்தப் பெயர் என்பதும் கட்டுக்கதை. அவர் 1766இல் ரோட் ஐலண்டில் பிறந்தார், அப்பாவுக்கும் அதே பெயர். இப்படிப் பெயர் தலைமுறை தாண்டி ஓடுவதால், 18ஆம் நூற்றாண்டுக்காரர் ஒருவரின் பெயரை வைத்து அவரைப் பியூரிட்டன் என்று எழுதக்கூடாது.

உயில் எழுதியது 1659 ஏப்ரல், இறந்தது 1659 ஜனவரி என்று வருகிறது. எப்படி? — வாசகர், நெல்லை

இரண்டும் சரி. 1752 வரை இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் புத்தாண்டு மார்ச் 25. அதனால் 1659 ஜனவரி என்பது ஏப்ரலுக்குப் பின் வருவது. நம் கணக்கில் 1660. குறிப்பில் 1659/60 என இரண்டையும் எழுதுங்கள். மாதத்துக்கு எண் போட்டிருந்தால் மார்ச்தான் ஒன்று. '26 (12) 1643' என்றால் 1643/44 பிப்ரவரி 26.

ஞானஸ்நான நாளைப் பிறந்த நாளாக எழுதிவிட வேண்டாம். மாசசூசெட்ஸ் உள்ளிட்ட நியூ இங்கிலாந்தில், தொடக்க காலத்தில் பெற்றோரில் ஒருவர் சர்ச் உறுப்பினரானால்தான் குழந்தைக்கு ஞானஸ்நானம். உறுப்பினரான பின் மூன்று நான்கு பிள்ளைகளுக்கு ஒரே நாளில் கொடுத்ததும் உண்டு. அவர்கள் இரட்டையர் அல்லர்.