சிங்கப்பூரில் சித்தப்பா மகனுக்குக் கடனாகக் கொடுத்த 8,000 வெள்ளியைத் திரும்பப் பெற ஸ்மால் கிளெய்ம்ஸுக்குப் போகலாமா?

போக முடியாது. ஸ்மால் கிளெய்ம்ஸ் என்ற அந்தச் சிறு வழக்குத் தீர்ப்பாயம் (டிரிபியூனல்) பொருள் விற்பனை, சேவை, இரண்டு ஆண்டுக்கு மேற்படாத வீட்டு வாடகை போன்ற வழக்குகளுக்குத்தான். கைமாற்றுக் கடன் அதில் வராது. மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். அங்கே வரம்பு 60,000 வெள்ளி. பணம் திரும்ப வரவேண்டிய நாளிலிருந்து பொதுவாக ஆறு ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும்.

சொந்தக்காரர் கடனில் சிக்கல் தொகையில் இல்லை. “அண்ணன் அன்பளிப்பாகக் கொடுத்தார்” என்று அவர் சொல்லிவிட்டால், கடன் என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. பேநவ் (வங்கி வழி உடனடிப் பணப் பரிமாற்றம்) ரசீது பணம் போனதை மட்டுமே காட்டும், ஏன் போனது என்பதைக் காட்டாது. “தம்பி, போன மார்ச்சில் கடனாகக் கொடுத்த 8,000-ஐ எப்போது தருவாய்?” என்று இப்போதே வாட்ஸ்அப்பில் கேளுங்கள். “ஜூன்ல தந்துடுறேன்ணே” என்று பதில் வந்தால் அதுவே நல்ல சாட்சி. திட்டி எழுதாதீர்கள், நீதிபதியும் அதைப் படிப்பார்.

புரோ போனோ எஸ்ஜி என்ற சட்ட உதவி அமைப்பு நடத்தும் இலவச சட்ட ஆலோசனைக்கு முன்பதிவு செய்யலாம். கிடைப்பது சுமார் 20 நிமிடம். வழக்கறிஞர் வழி சொல்வார். கடிதம் எழுதித் தரமாட்டார், வாதாடவும் மாட்டார். அதனால் தேதி வாரியாக ஒரு பக்கக் குறிப்பும் வங்கிக் கணக்கு அறிக்கையும் கையில் இருக்கட்டும். குடும்பக் கதையில் பாதி நேரம் போய்விடும், கவனம்.

உறவு முறியக்கூடாது என்றால் முதலில் சமூக மத்தியஸ்த நிலையம். ஆனால் இருவரும் சம்மதித்து வரவேண்டும்.